லப்புக்கும் டப்புக்கும் நடுவே

என் இதயம் புகழ்பெற்ற இதயம். பெருமைக்குச் சொல்லவில்லை, அச்சிலேயே வந்திருக்கிறது. என் கணவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு படம் இருக்கும். இரண்டு மலைகள், நடுவில் வழித்துவிட்ட மாதிரி ஒரு தரை. முதல் மலை லப், இரண்டாவது மலை டப். கீழே பொடி எழுத்தில், 'ஆரோக்கியமான பெண், விளையாட்டு ஆசிரியை, மாதிரிப் பதிவு' என்று போட்டிருக்கும். அந்த ஆரோக்கியமான பெண் நான்தான். முகத்தைப் போட்டால்தான் பவுடர் பூச வேண்டும், இதயத்துக்கு எதற்கு என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். பவுடர் அரை அங்குலத்துக்குப் பூசப்பட்டிருந்த விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு வேலை, மனிதர்களின் இதய ஓசையைப் பதிவு செய்து, கணினியில் ஏற்றி, அலசிப் பிழிந்து, இது நல்ல இதயமா கெட்ட இதயமா என்று சொல்லும் கருவி செய்வது. வீட்டில் அவருக்குப் பெயர் விஞ்ஞானி. என் மாமியார் அந்தப் பெயரை நெகிழ்ந்துபோய்ச் சொல்வார். நானும் அதே பெயரைத்தான் சொல்வேன், ராகம் மட்டும் வேறு.

கல்யாணமான புதிதில் மற்ற வீட்டுக் கணவன்மார்கள் பெண்டாட்டி நெஞ்சில் தலை சாய்த்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் மைக் வைத்தார். அவர் அப்போதுதான் ஆராய்ச்சியை ஆரம்பித்திருந்தார். ஒரு நோயும் அண்டாத இதயம் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. எது சரி என்று தெரிந்தால்தானே எது தப்பு என்று சொல்ல முடியும்?

"நீ ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்கினவ. உன் இதயம் மாதிரி வேற எங்க போய்த் தேடுவேன்?" என்றார்.

அவர் எனக்குச் சொன்ன முதல் கொஞ்சல் வார்த்தை அது. நானும் சொக்கிப்போய்ப் படுத்துக்கொண்டேன். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கி, அதில் மைக்கைச் செருகினார்.

வில்லங்கம் அன்றைக்கே ஆரம்பித்தது. என் லப்புக்கும் டப்புக்கும் நடுவில் 'ஷ்ஷ்' என்று மெல்லிய ஒரு சத்தம் அவர் ஹெட்ஃபோனில் கேட்டதாம், பக்கத்து அறையில் யாரோ தரை கூட்டுகிற மாதிரி. விஞ்ஞானி மின்விசிறியை நிறுத்தினார். சத்தம் போகவில்லை. ஃபிரிட்ஜை நிறுத்தினார். பால் கெட்டது, சத்தம் அப்படியே இருந்தது. மாமியார் மூச்சு விடுவது கேட்கிறது என்று அவரை மொட்டை மாடிக்கு அனுப்பினார். ஜன்னல் இடுக்குகளில் பழைய துணிகளைத் திணித்தார். மேல்வீட்டுக்காரரிடம் போய், "கொஞ்ச நேரம் நடக்காம இருக்க முடியுமா சார்?" என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் என்னையே மூச்சுப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். என் கண்ணில் பூச்சி பறந்ததே ஒழிய, அந்த 'ஷ்ஷ்' தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விஞ்ஞானி மைக் கோணல் என்றார். வேறு மைக் வாங்கினார், அதுவும் கோணல். ஒயரை மாற்றினார். எங்கள் சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி வீடு மாறினோம், பிறகு இன்னொரு முறையும் மாறினோம். மின்விசிறி வேறு, ஃபிரிட்ஜ் வேறு, மேல்வீட்டுக்காரரும் வேறு. 'ஷ்ஷ்' மட்டும் எங்களோடு சாமான் வண்டியிலேயே வந்து இறங்கியது.

சாதாரண மனிதன் இந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசித்திருப்பான். இவர் விஞ்ஞானி அல்லவா? சத்தத்தை நிறுத்த முடியாவிட்டால் போகிறது, அழித்துவிடலாம் என்று முடிவு கட்டினார். எதிரியை வெல்ல அவனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, அந்த 'ஷ்ஷ்'ஐ வருடக்கணக்கில் படித்தார். எந்த அலைவரிசையில் இருக்கிறது, லப் முடிந்து எவ்வளவு நேரத்தில் தலைகாட்டுகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, டப் வருவதற்குள் எப்படி ஒதுங்கிக்கொள்கிறது எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் எதற்குக் கோபப்படுகிறேன், எதற்கு அழுகிறேன் என்பதை இதில் கால்வாசி படித்திருந்தாலும் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

இப்படித்தான் பிறந்தது அவருடைய வடிகட்டி. இதய ஓசை உள்ளே போனால், நடுவில் உள்ள அழுக்கெல்லாம் நீங்கி, வெள்ளை வெளேரென்று லப்பும் டப்பும் மட்டும் வெளியே வரும். அதற்கு 'சலவை' என்று பெயர் வைத்தார். ஒரு மாநாட்டில் அதற்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில், "என் மனைவியின் ஒத்துழைப்பு இல்லாமல் இது சாத்தியமில்லை" என்று பேசினார். எவ்வளவு உண்மையான பேச்சு என்று அப்போது அவருக்கும் தெரியாது, கை தட்டிய எனக்கும் தெரியாது.

பிறகு சலவையைச் சுற்றி ஒரு கருவியைக் கட்டினார். உள்ளங்கை அளவுதான். நெஞ்சில் வைத்தால் இரண்டு மலைகளும் தரையும் திரையில் ஓடும். இதயம் நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, கோளாறு இருந்தால் சிவப்பு. பச்சைக்கு நான் மாதிரி. சிவப்புக்கு ஆள் வேண்டுமே? அதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். "கெட்ட இதயம் கிடைக்குமா சார்?" என்று கேட்டு வாசலில் காத்துக்கிடந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தார் என்று இப்போது சொல்லலாம்.

அப்படிச் சேர்த்த நோயாளிகளில் பெரும்பாலானவர்களைக் கருவி சரியாகவே கண்டுபிடித்தது, பொய் சொல்லக்கூடாது. ஒரு வகை மட்டும் தகராறு செய்தது. டாக்டர்கள் 'வால்வு சுருக்கம்' என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் கருவி குளுகுளுவென்று பச்சை காட்டியது.

"டாக்டருங்க தப்பா எழுதியிருக்காங்க. பாவம், மனுஷக் காதுதானே, வயசாகும்" என்று சொல்லி, அந்தப் பதிவுகளைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டார். உடனே கருவியின் மதிப்பெண் எகிறியது. தப்பாக விடை எழுதிய கேள்விகளை நீக்கிவிட்டுத் திருத்தினால் எங்கள் பள்ளிக்கூடத்திலும் எல்லாப் பெண்களும் முதல் மாணவிகள்தான். இதை நான் அவரிடம் சொன்னேன். "உனக்கு இந்தத் துறை புரியாது" என்றார். புரியவில்லைதான்.

இந்த நேரத்தில்தான் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

முதலில் படிக்கட்டில். விஞ்ஞானியின் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, செங்குத்தான படிகள். சாப்பாட்டுப் பையோடு ஒரே ஓட்டமாக ஏறுகிறவள், பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மைதானத்தில். பெண்களை ஓடவிட்டு, கூடவே ஒரு சுற்று ஓடுவது என் வழக்கம். அரைச் சுற்றில் நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துகிற மாதிரி இருந்தது. விசில் ஊதப் போனேன், காற்றுதான் வந்தது. பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் திக்கென்றது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வேறு வீடாக இருந்தால் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள். என் வீட்டில்தான் வைத்தியரையே வேலையை விட்டு அனுப்பப்போகிற கருவி இருக்கிறதே! பட்டையை மாட்டினார், மைக்கைச் செருகினார். திரையில் இரண்டு மலைகள், நடுவில் ஒரு புல்கூட முளைக்காத தரை. பச்சை.

"பாத்தியா? நூத்துக்கு நூறு."

"எனக்கு மூச்சு வாங்குதுங்க."

"அதெல்லாம் மனசு. டேட்டா என்ன சொல்லுது பாரு."

மாமியாருக்கு அந்தப் பச்சை விளக்கின் மேல் பெற்ற பாசம். தினமும் காலையில் டீக்கு முன்னால் மகனிடம் நெஞ்சைக் காட்டி, பச்சை வாங்கிக்கொண்டுதான் டம்ளரையே தொடுவார். "மெஷினே நல்லா இருக்கேன்னு சொல்லிடுச்சு. நீ ஏம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? வேலைக்குச் சோம்பல் வந்துட்டா எல்லாருக்கும்தான் மூச்சு வாங்கும்" என்றார். இப்படி உரலுக்கு ஒரு பக்கம் இடி, எனக்கு இரண்டு பக்கமும்.

மூச்சு வாங்கும்போதெல்லாம் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் பச்சை வந்தது. கருவியின் 'நார்மல்' என்பதே நான்தான் என்றால், என்னை என்னோடு ஒப்பிட்டு நான் என் மாதிரியே இருக்கிறேன் என்றுதானே அது சொல்லும்? இந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சும்மா நடிக்கிறேனோ என்று நினைத்தேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

ஒரு நாள் நடிப்பு கொஞ்சம் கூடிவிட்டது. மைதானத்தில் பெண்கள் தடை தாண்டிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே தரை சாய்ந்தது. கண்ணைத் திறந்தபோது தலைமையாசிரியை என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என் பேச்சைக் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றி, பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்.

சின்னக் கிளினிக். வாசலில் ஒரே குழந்தைகள் அழுகை. உள்ளே மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு இரைச்சலில் விஞ்ஞானி மயங்கியே விழுந்திருப்பார். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, வலது பக்கம் கழுத்தெலும்புக்குக் கீழே வைத்தார். அடுத்த நொடியே அவர் முகம் மாறியது. வேறு இடத்தில் வைத்தார், கழுத்தில் வைத்தார், மறுபடி பழைய இடத்துக்கு வந்தார்.

"இந்தச் சத்தம் உங்களுக்கு எவ்வளவு நாளா இருக்கும்மா?"

"எந்தச் சத்தம் டாக்டர்?"

"லப்புக்கும் டப்புக்கும் நடுவுல ஷ்ஷ்னு ஒண்ணு. இதுவரைக்கும் யாருமே சொல்லலையா?"

சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? கேட்டவர் ஒரே ஒருத்தர்தான், அவர் அதற்குக் கேடயம் வாங்கிவிட்டார்.

இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற கதவு சரியாகத் திறக்கவில்லை என்றார் டாக்டரம்மா. குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் சீறுமே, அந்தச் சீறல்தான் இது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க வேண்டும். கதவை மாற்ற ஆபரேஷனும் தேவைப்படலாம். அதுவரை ஓடக்கூடாது, மாடி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது.

"தள்ளிப்போடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னார். முதல் முறை சொன்னபோது தலையாட்டினேன். இரண்டாம் முறை சொன்னபோது பயம் வந்தது. செத்துப்போவேனோ என்று அப்போதுதான் முதலில் நினைத்தேன்.

வீட்டில் விஞ்ஞானி உற்சாகத்தில் மிதந்துகொண்டிருந்தார். அதே பெரிய ஆஸ்பத்திரி அவர் கருவியை எல்லா வார்டுகளுக்கும் வாங்குவதாக இருந்தது. இரண்டு நாளில் டாக்டர்கள் குழுவுக்கு முன்னால் செய்துகாட்ட வேண்டும். நான் ஸ்கேன் சீட்டை நீட்டினேன்.

"ஸ்டெதாஸ்கோப்பா? எந்தக் காலத்துல இருக்காங்க இவங்க? ரப்பர் குழாய்ல என்ன கேக்கும்?"

"ஷ்ஷ்னு ஒரு சத்தம் கேக்குதாம்."

அவர் முகம் தெளிந்தது. சிரித்தேவிட்டார். "அதுவா! அது நம்ம சத்தம்மா! லப் முடிஞ்சதும் மெதுவா ஆரம்பிச்சு, நடுவுல ஏறி, டப்புக்கு முன்னாடி இறங்கிடும். அதுதானே? பழைய வீட்டு ஃபேன் சத்தம் அது. எனக்குத் தெரியாதா?"

"பழைய வீட்டு ஃபேன் சத்தம் டாக்டரம்மா கிளினிக்குக்கு எப்படிங்க வந்துச்சு?"

அவர் மேசை மேல் கிடந்த மைக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ மைக்கோட சத்தமா இருக்கும்."

"அவங்க மைக்கே வெக்கலை."

மாமியார் கையிலிருந்த டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். விஞ்ஞானி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பிடரியில் வியர்த்திருந்தது.

"ரெண்டு தடவை வீடு மாறினோம். எத்தனையோ மைக் மாத்தினீங்க. மாறாம இருந்தது எதுன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?" என்றேன். "ஃபேனும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. சத்தம் போட்டது நாந்தாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். பூசணிக்காய் தட்டிலிருந்து எழுந்து வந்து பேசிய பிறகும், அது சோறுதான் என்று சாதிக்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அலைவரிசையில் நோய் வராது என்றார். அப்படியே இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஒருத்தி ஓடிக்கொண்டிருக்க முடியுமா என்றார். புள்ளிவிவரம் சொன்னார். கடைசியில் குரல் இறங்கி, "டெமோ முடியட்டும்மா. அடுத்த வாரம் ஸ்கேனுக்குப் போவோம். இப்போ இதைத் தோண்டினா எல்லாம் போயிடும்" என்றார்.

எல்லாம் என்று அவர் சொன்னதில் நான் இருக்கிறேனா என்று கேட்கவில்லை. நோயைவிட வலித்தது வேறொன்று. என் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த ஒரு சத்தத்தை உலகத்திலேயே நன்றாக அறிந்தவர் இந்த மனிதர். அதன் ஏற்ற இறக்கத்தைத் தூக்கத்தில்கூடச் சொல்வார். அது என்னுடையதாக இருக்கலாம் என்று மட்டும் அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"மாதிரிக்கு நீதான் வரணும்" என்றார் மறுநாள், தரையைப் பார்த்துக்கொண்டு. முதலில் நார்மல் எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டு, பிறகு வார்டு நோயாளிகளிடம் போவதாகத் திட்டம்.

வருகிறேன் என்றேன். பதிபக்தி எல்லாம் ஒன்றுமில்லை, சுத்தமான கோபம். பத்து டாக்டர்கள் நடுவில் என்னைக் கிடத்தி, 'இவள் நோயில்லாதவள்' என்று சொல்ல இவருக்கு நாக்கு எழும்புகிறதா பார்த்துவிடலாம் என்றுதான் போனேன்.

ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் நீள மேசை, அதன் மேல் தட்டுத் தட்டாக பிஸ்கட். ஒரு ஓரத்தில் கட்டில் போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். சுவரில் பெரிய திரை, மூலைக்கொரு ஒலிபெருக்கி. இதய அறுவை செய்கிற பெரிய டாக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அவர் சிரித்தால் சிரித்தார்கள்.

நான் படுத்தேன். விஞ்ஞானி பட்டையை எடுத்தார்.

"பட்டை வேணாங்க. இறுக்கினா மூச்சு முட்டுது. கையால பிடிச்சுக்கோங்க."

பத்துப் பேர் பார்க்கிறார்கள். அவரால் வாதாட முடியாது. மைக்கை என் கழுத்தெலும்புக்குக் கீழே வைத்து, விழாமலிருக்க உள்ளங்கையால் மூடிப் பிடித்தார். இத்தனை வருடங்களில் பட்டைதான் பிடித்திருக்கிறதே தவிர, அவர் கை பிடித்ததில்லை.

திரையில் மலைகள் எழுந்தன. ஒலிபெருக்கியில் லப், டப், லப், டப். நடுவில் துடைத்துவிட்ட நிசப்தம். "அடடா, என்ன சுத்தம்!" என்றார் ஒரு டாக்டர். "டெக்ஸ்ட்புக்ல போடலாம்" என்றார் இன்னொருவர். பச்சை விளக்கு எரிந்தது.

விஞ்ஞானிக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சின் முதல் வரியே வரவில்லை. அவர் என் நெஞ்சில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியும் ஏன் என்று. சில நாட்களாகக் குளிக்கும்போது என் கையிலும் அது தட்டுப்பட்டது. தூங்கும் பூனையின் முதுகில் கை வைத்தால் உர்ரென்று ஓடுமே, அந்த மாதிரி தோலுக்கு அடியில் ஒரு நடுக்கம். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தடவை. சத்தம் முற்றிப்போய், காதுக்குக் காத்திராமல் கைக்கே கேட்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது.

கையை எடுத்தார். மறுபடி வைத்தார். திரையைப் பார்த்தார், அங்கே வெறும் தரை. கையைப் பார்த்தார், அங்கே நடுக்கம். கணினிக்குத்தான் சலவை உண்டு. கைக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை அவர்.

"இதையும் அழிச்சிடுவீங்களா?" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் முகம் சுருங்கியதை நான் மறக்க மாட்டேன். கட்டிய கோட்டை முழுவதும் கண் முன்னால் இடிவதைப் பார்க்கிற முகம் அது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

மற்றக் கையை நீட்டிக் கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினார். சலவை நின்றது.

என் இதயம் அறை முழுவதும் சீறியது. லப்புக்குப் பின்னால் கிளம்பி, ஏறி, உச்சிக்குப் போய், டப்பை இடித்துக்கொண்டு இறங்கும் ஒரு ரம்பச் சத்தம். என் சத்தத்தை நானே கேட்டது அதுதான் முதல் முறை. மென்மையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, கொஞ்சமும் இல்லை. திரையில் இரண்டு மலைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு மலை நின்றது, இரண்டையும்விடப் பெரியதாக.

பெரிய டாக்டர் பிஸ்கட்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டார்.

"யாரு இவங்க?"

"எங்க மாதிரி சார்."

"எதுக்கு மாதிரி?"

"நார்மலுக்கு சார்."

யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "அசையாதீங்கம்மா" என்று அதட்டிக்கொண்டே பெரிய டாக்டர் மேசையைச் சுற்றி வந்தார். பையிலிருந்து அந்த எந்தக் காலத்து ரப்பர் குழாயை எடுத்தார். கேட்டார். மயக்கம் வந்ததா என்றார். ஆமாம் என்றேன். "வீல்சேர்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

கருவி விற்கப் போன இடத்தில் கருவியை மேசையிலேயே விட்டுவிட்டு, கூட வந்தவளை எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாயே திறக்கவில்லை. விஞ்ஞானியும் திறக்கவில்லை. நடைவழி நெடுக என் வீல்சேரை அவர்தான் தள்ளினார், வேறு யாரையும் தொடவிடவில்லை. எதிரே வந்த வண்டியிலும் ஒரு சுவரிலும் இடித்தார்.

ஸ்கேன் அறையில் குளிர்ந்த பசையைத் தடவி என் இதயத்தைத் திரையில் காட்டினார்கள். மூன்று மடல் இருக்க வேண்டிய கதவில் எனக்குப் பிறவியிலேயே இரண்டு மடல்தானாம். நாளாக ஆக அவை தடித்து, இறுகி, இப்போது ஒரு கீற்றளவு இடுக்குதான் பாக்கி. அந்த இடுக்கு வழியாகத்தான் நான் ஓடியிருக்கிறேன், விசில் ஊதியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன்.

"சீக்கிரமே வால்வை மாத்தணும். மாத்திட்டா நல்லா இருப்பீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்ற பெரிய டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "இது எப்போ இருந்து கூடிக்கிட்டு வருதுன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும். பொதுவா யாருக்கும் அது தெரியாது."

"தெரியும் சார்" என்றது ஒரு குரல்.

சுவரோரம் நின்றிருந்த விஞ்ஞானி. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

"கல்யாணமானதுல இருந்து வருஷம் விடாம இருக்கு. உட்கார்ந்தபடி, படுத்தபடி, ஓடி முடிச்சதும், மூச்சுப் பிடிச்சு... எல்லாம் இருக்கு. தேதியோட இருக்கு. அந்தச் சத்தத்தை மட்டும் தனியாப் பிரிச்சே வெச்சிருக்கேன்."

பெரிய டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரே ஆளோட வால்வு சுருங்குறதை ஆரம்பத்துல இருந்து யாரும் இப்படிப் பதிஞ்சு நான் பார்த்ததில்லையே! எதுக்காக இதைச் செஞ்சீங்க?"

"அழிக்கிறதுக்கு சார்" என்றார் அவர்.

பெரிய டாக்டருக்குப் புரியவில்லை, எனக்கு விளக்கத் தெம்பில்லை. விஞ்ஞானி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தோள் குலுங்க அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை. ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறி, வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து நிதானமாகத் தீர்க்க வேண்டிய கோபம் அது. ஆனாலும் அழுகிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருக்க முடியவில்லை. பசை ஒட்டிய கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல அதையெல்லாம் டாக்டருக்கு அனுப்புங்க" என்றேன். "ஒரு சத்தம்கூட விடாம அனுப்புங்க."